ஆறாவது படி

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய வீடியோவை மூன்று தடவை பார்த்தேன். காலில் மாட்டிக்கொள்ளும் அந்த ஹால் ரோபோ கருவி பிறந்தது ஜப்பானில் நீ வேலை பார்க்கும் சுகுபாவில்தான் என்று இத்தனை நாள் சொல்லவே இல்லையே!

இங்கே முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து இருபத்து மூன்று நாள். பிசியோ தம்பி நேற்றும் மூட்டில் பாகைமானியை வைத்துப் பார்த்தார். எத்தனை வருடம் பிள்ளைகளுக்கு அதைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தேன், இப்போது என்னையே அளக்கிறார்கள். மடக்கினால் 95 டிகிரி. அது பரவாயில்லை. படுத்தபடி காலை நேராகத் தூக்கச் சொன்னால்தான் மூட்டு பத்து டிகிரி தொங்கிவிடுகிறது. வலி கூட அவ்வளவு இல்லை. நான் தூக்கு என்கிறேன், தொடை கேட்க மாட்டேன் என்கிறது. வீக்கம் இருக்கும்வரை மூட்டே தொடைத் தசையை அடக்கி வைக்குமாம். புது மூட்டு சரியாக உட்கார்ந்திருந்தாலும் தசை விழிக்க நாளாகும் என்றார்.

அதனால்தான் அந்த வீடியோவில் ஒரு இடத்தை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தேன். தசைக்குப் போகும் மெல்லிய மின்சாரத்தைத் தோலில் ஒட்டிய பட்டைகள் பிடித்துவிடுகின்றன, உடனே மோட்டார் கை கொடுக்கிறது. ஆக, நான் முயற்சி செய்தால்தான் அது நகரும், இல்லையா? அதை உருவாக்கிய சங்காய் பேராசிரியர் கெட்டிக்காரர்தான். அங்கே மூட்டு மாற்றியவர்களுக்கும் இதை மாட்டிப் பார்த்திருக்கிறார்கள் என்றாயே, ஆசையாகத்தான் இருக்கிறது. திரையில் அந்தத் தசை மின்சாரத்தின் கோடு எழும்புவதைப் பார்த்தால் தொடை கொஞ்சமாவது கேட்கிறது என்று எனக்கும் நம்பிக்கை வரும்.

ஆனால் என்னை அங்கே அழைத்துப் போகும் யோசனையை விடு. இந்தக் காலோடு அவ்வளவு நேரம் விமானத்தில் மடக்கி உட்கார முடியாது. உன் காசையும் இதற்குக் கரைக்காதே. குதிகாலுக்குக் கீழே சுருட்டிய துண்டை வைத்து, மூட்டைக் கட்டிலில் அழுத்தி ஐந்து எண்ணுகிறேன், ஒரு நாளைக்கு நூறு தடவை. எண்ணிக்கையில் நான் ஏமாற்ற மாட்டேன் என்று உனக்கே தெரியும்.

அப்புறம் ஒரு விஷயம். மாடிப்படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில் என்று பாடம். நேற்று அப்பா தூங்கும்போது கைப்பிடியைப் பிடித்து ஏறிப் பார்த்தேன். ஆறாவது படியோடு திரும்பிவிட்டேன். அவரிடம் சொல்லிவிடாதே.

அம்மா