தாய்மொழி என்ற கட்டம்

பெங்களூர்த் தமிழ் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

லிங்கராஜபுரத்தில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்பில் பிள்ளையைச் சேர்க்க ஒரு படிவம் உண்டு. பேரனைச் சேர்க்க வந்த ஒரு பாட்டி பெயர், வயது, விலாசம் எல்லாம் கடகடவென்று சொன்னார். ‘தாய்மொழி’ என்ற கட்டம் வந்ததும் நிறுத்திவிட்டார். “அது எதுக்கும்மா? காலியா விட்டுடு.” இதைத் தமிழில்தான் சொன்னார். நான் காரணம் கேட்கவில்லை. எனக்கே தெரியும்.

1991-ல் எனக்கு 12 வயது. அப்பா அல்சூரில் தையல் கடை வைத்திருந்தார். தமிழ்நாட்டுக்குத் தண்ணீர் விடச் சொன்ன காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு டிசம்பர் 11 அன்று மத்திய அரசிதழில் வந்தது. தமிழர்களைத் தாக்கிய அடுத்த இரண்டு நாள் கலவரத்தில் இந்த ஊர் எப்படி இருந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1809-ல் வெள்ளைக்காரன் இங்கே தண்டு, அதாவது ராணுவக் குடியிருப்பு, போட்டபோது மதராஸ் படையோடு வந்து குடியேறியவர்களின் வாரிசுகளும் அன்று வெளியூர்க்காரர்கள் ஆனார்கள். அப்பா பிளேடை எடுத்துக் கடைப்பலகையில் இருந்த தமிழ் எழுத்தைச் சுரண்டினார். மற்றதெல்லாம் போய்விட்டது, ‘மு’ மட்டும் போகவே இல்லை. துணியில் மார்க் போடும் சாக்கட்டியை அதன்மேல் தேய்த்துத் தேய்த்து மறைத்தார்.

மூன்று ராத்திரி நாங்கள் பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அத்தையின் பின்னறையில் படுத்திருந்தோம். அவர் வாசற்படியில் முறத்தை வைத்துக்கொண்டு அவரைக்காய் உரித்தபடி உட்கார்ந்திருந்தார். யாரோ வந்து கேட்டபோது, “எல்லாரும் நம்ம மனெயவரு”, எல்லாரும் எங்கள் வீட்டார், என்றார். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

அந்த வருடம் திறக்கவிருந்த அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலை 18 வருடம் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்ட் 9 அன்று திறந்தார்கள். நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலையைத் திறந்தார்கள். அன்று அப்பா அழுதார்.

உங்கள் அமைப்புகள் செய்துவரும் பல வேலைகளுக்கு அந்த டிசம்பர்தான் வேர். எந்தத் தெருவில் யாரைக் கூப்பிடுவது, காவல் நிலையத்துக்கு யார் கூட வருவார், எந்த வக்கீல் ராத்திரியிலும் போனை எடுப்பார் என்ற பட்டியல்கள் அப்படி வந்தவைதான். 2016 செப்டம்பர் 12 அன்று மறுபடியும் காவிரிப் பிரச்சினையில் பேருந்துகள் எரிந்தபோது எங்கள் தெருவில் அந்தப் பட்டியல் வேலை செய்தது. அதற்கு நான் உங்களுக்கு நன்றிக்கடன் பட்டவள்.

ஆனால் அந்தப் பட்டியலில் தமிழர் மட்டும்தான் இருக்கிறோம். 2012 ஆகஸ்டில், தங்களைத் தாக்கப்போகிறார்கள் என்ற வெறும் வதந்தியை நம்பி ஆயிரக்கணக்கான வடகிழக்கு மாநிலப் பிள்ளைகள் மூட்டை கட்டிக்கொண்டு குவாஹாட்டி ரயிலுக்கு ஓடினார்கள். 2016 ஜனவரி 31 அன்று ஹெசரகட்டா பக்கம் சூடான் மாணவர் ஒருவரின் கார் மோதி ஒரு பெண் இறந்தார். கொஞ்ச நேரம் கழித்து அந்த வழியாக வந்த, அவருக்குச் சம்பந்தமே இல்லாத தான்சானியா மாணவியை அடித்து, காரைக் கொளுத்தினார்கள். யாரோ செய்ததற்கு, அதே நிறம் என்பதற்காக ஒரு பெண். எங்கோ வந்த உத்தரவுக்கு, அதே மொழி என்பதற்காக ஒரு தையல்காரர். இது நமக்குப் புரியாமல் வேறு யாருக்குப் புரியும்?

போன வருடம் காங்கோவைச் சேர்ந்த ஒரு தாய் தன் மகளை வகுப்பில் சேர்க்க வந்தார். எங்கள் குழுவின் பெரியவர் ஒருவர், “நம்ம பிள்ளைங்களுக்கே இடம் பத்தலை” என்று திருப்பி அனுப்பிவிட்டார். இடம் இருந்தது. எட்டுப் பாய் விரித்து ஐந்தில்தான் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். நானும் அங்கேதான் நின்றேன். வாசல் வரை போய் என் நம்பரைக் கொடுத்தேன், அவ்வளவுதான் செய்தேன். அவர் கூப்பிடவில்லை.

ஐயா, அம்மா, அந்தப் பட்டியலைத் திறந்து வையுங்கள். கம்மனஹள்ளியிலும் ஹென்னூரிலும் இருக்கும் ஆப்பிரிக்க மாணவர்களின் எண்களும் மணிப்பூர் குடும்பங்களின் எண்களும் அதில் ஏறட்டும். வெளிநாட்டவரைக் குடிவைத்தால் 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் அரசிடம் பதிய வேண்டும். அது பெரிய தொல்லை என்று பயந்தே பலர் வீடு தர மறுக்கிறார்கள். நம் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பதிந்து கொடுத்தால் அந்தப் பயம் பாதி போய்விடும். அப்புறம், படிவத்தில் தாய்மொழியைக் கேட்பதை விடுங்கள். எங்கள் படிவத்தில் எடுத்துவிட்டோம்.

இன்னொன்றும் உண்டு. 1991-ஐ எழுதி வைக்க வேண்டும். அடிபட்ட கதையோடு அவரைக்காய் உரித்த கதையும் சேர்ந்து வர வேண்டும். அத்தைக்கு 80 தாண்டிவிட்டது, காது மந்தம், ஆனால் நினைவு தெளிவாக இருக்கிறது. பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். தமிழும் கன்னடமும் எழுதத் தெரிந்த ஒருவரை ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அனுப்புங்கள். நானே கூட்டிப்போகிறேன்.

இப்படிக்கு,
அல்சூர் தையல்காரரின் மகள்