கடல் இடது கைப்பக்கம் இருக்கணும்

மெல்பர்ன்

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

டிசம்பரில் நீங்க வரும்போது இங்க 'கிரேட் ஓஷன் ரோடு'ன்னு சொல்ற கடலோர ரோட்டில் போய்வர ஏற்பாடு பண்ணிட்டு இருக்கேன். "ஒரே நாள்ல போய்ட்டு வந்துரலாமே"ன்னு கேட்டீங்க. வேண்டாமுங்கப்பா. டார்க்கீயில் இருந்து ஆலன்ஸ்ஃபோர்டு வரைக்கும் 243 கிலோமீட்டர்தான். ஆனா முதல் உலகப்போர் முடிஞ்சு திரும்பின சிப்பாய்கள் 1919-ல் இருந்து 1932 வரைக்கும், செத்துப்போன கூட்டாளிகள் ஞாபகமா, பாறையைக் குடைஞ்சு போட்ட ரோடு அது. போக ஒரு வண்டி, வர ஒரு வண்டி, அவ்வளவுதான் அகலம். திம்பம் மலை ரோடு மாதிரி கொண்டை ஊசி வளைவு கிடையாது, ஆனா வளைவு விடாம வந்துட்டே இருக்கும். அவசரமா ஓட்டினா ஓட்டுறவர் கண்ணுக்குக் கடலே தெரியாது. அதனால ரெண்டு ராத்திரி தங்கணும்: முதல் நாள் அப்போலோ பே, அடுத்த நாள் போர்ட் கேம்பெல்.

மேற்கு நோக்கித்தான் போகணும். இங்கயும் நம்ம ஊர் மாதிரி இடது பக்கம்தான் ஓட்டுறது. மேற்கே போனா கடல் நம்ம இடது கைப்பக்கமே வரும், நின்னு பார்க்கிற இடங்களுக்கு எதிர்வண்டியைக் குறுக்கே வெட்டாம ஒதுங்கலாம். திரும்பும்போது உள்வழியா கோலாக்ங்கிற ஊர் போய் வந்தா மூணு மணி நேரத்தில் வீடு.

ஆத்தாளையும் வண்டி ஓட்டுறவரையும் சேர்த்து ஆறு பேர், ஏழு சீட் வண்டி வேணும். ஏழு வயசு ஆகிற வரைக்கும் குழந்தைக்குத் தனி சீட் கட்டாயம். அதை மாட்டுற கொக்கி பல வண்டியில் கடைசி வரிசையில் இருக்காது. அதனால நடுவரிசையில் பாப்பா, ஆத்தா, அப்பா. அம்மாவுக்கு வளைவில் குமட்டும், முன்சீட்டு. நான் கடைசியில். கடைசி வரிசையை நிமிர்த்திட்டா டிக்கியில் இடமே இருக்காது, ஆளுக்கு ஒரு சின்னப் பை போதும்.

கென்னட் ரிவர்ல யூகலிப்டஸ் மரக் கவட்டையில் சாம்பல் மூட்டை மாதிரி ஒண்ணு தெரியும், அதுதான் கோலாங்கிற மிருகம். அசையாது, பொறுமையா அண்ணாந்து பார்க்கணும். அப்போலோ பே தாண்டினா காடு, பல இடத்தில் போன் டவர் எடுக்காது. அதனால அப்போலோ பேயிலேயே டேங்க் நிரப்பி, மேப்பையும் முன்னாடியே இறக்கி வெச்சுக்கணும்.

பன்னிரண்டு அப்போஸ்தலர்னு சொல்ற பாறைகள் கடலுக்குள்ள நிக்கிற சுண்ணாம்புக்கல் தூண்கள். அலை அடியை அரிச்சுட்டே இருக்கு. 2005 ஜூலையில் ஒண்ணு சரிஞ்சு விழுந்துருச்சு. அதனால வேலியைத் தாண்டி விளிம்புக்குப் போகவே கூடாது. டிசம்பரில் பொழுது சாய எட்டரை மணிக்கு மேல ஆகும். அந்த வெளிச்சத்தில் பார்த்துட்டு, இருட்டினதும் கங்காரு குறுக்கே பாயும் நேரத்தில் நெடுந்தூரம் ஓட்டக் கூடாது. பக்கத்திலேயே போர்ட் கேம்பெல்ல தங்குறது அதுக்குத்தான்.

சமையல்கட்டு உள்ள அறையாப் பார்க்கிறேன். குக்கர் எடுத்துட்டுப் போனா அரிசிம்பருப்பு சாதம் போதும்: மூணு டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் துவரம்பருப்பு. மத்தியானத்துக்குப் புளிசாதம்.

கோடைன்னாலும் கடல்காத்து குளிரும். ஆத்தாளுக்கு ஸ்வெட்டரும் மப்ளரும் கைப்பையிலேயே வைங்க. கிறிஸ்துமஸ் லீவு ஆரம்பிச்சா ரூம் கிடைக்கிறது கஷ்டம். டிக்கெட் தேதி உறுதியான அன்னைக்கே சொல்லிடுங்க, ரெண்டு ஊர்லயும் ரூம் போட்டுடறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்