வேளார் தெருவுக்கு ஒரு நன்றி மடல்

அறந்தாங்கிப் பக்கத்தில் மண்ணை வனைந்து வாழும் வேளார் தெருவுக்கும், என்னை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தவர்களுக்கும் வணக்கம்.

ஊர்ப் பெயரைப் போட வேண்டாம் என்று, அங்கே மண்குதிரை செய்யும் ஐயா சொல்லிவிட்டார். "போட்டா கேமராவத் தூக்கிக்கிட்டு வந்துருவாக, வேலை ஓடாது" என்றார். அதனால் யார் பெயரும் இல்லாமலே எழுதுகிறேன். யாருக்கு எந்த வரி என்று உங்களுக்கே தெரியும்.

முதலில் சென்னை நண்பர்களுக்கு. நான் கவின்கலைக் கல்லூரியில் சிற்பம் படித்தவள். கொஞ்ச காலமாக, ஓட்டல் வரவேற்பறைகளுக்கு ஃபைபரில் புத்தர் தலை செய்துகொடுத்துத்தான் வாடகை கட்டிக்கொண்டிருந்தேன். புத்தர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் சொந்தமாக ஏதாவது செய்யலாம் என்று மண்ணை எடுத்தால் கை ஓடவில்லை. நீங்கள் பணம் போட்டு, அந்தத் தெருவிலேயே ஒரு ஓட்டு வீடு பிடித்துக் கொடுத்து, "ஒன்னும் செஞ்சு காட்ட வேணாம், போய் இரு" என்று அனுப்பினீர்கள். அந்தக் கடைசி வார்த்தைக்குத்தான் பெரிய நன்றி.

ஐயா, உங்களுக்கு எப்படிச் சொல்வது? ஊர்ப் பெரியவர்கள் வந்து பிடிமண், அதாவது ஒரு கைப்பிடி மண், கொடுத்தால்தான் அய்யனாருக்குக் குதிரை செய்யத் தொடங்குவீர்கள் என்பதே எனக்குப் புதிது. அதைவிடப் புதிது, குதிரை காலிலிருந்து எழும்புவது. கல்லூரியில் எங்களுக்குக் கம்பிக்கூடு கட்டி அதன் மேல் மண்ணை அப்பத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். உங்கள் குதிரைக்குள் கம்பியும் இல்லை, கட்டையும் இல்லை. உமியும் மணலும் கலந்து மிதித்த மண்ணை நீளமாக உருட்டி, வட்டம் வட்டமாக ஏற்றி, உள்ளே ஒரு கையில் கல், வெளியே ஒரு கையில் பலகை என்று தட்டித் தட்டி உயர்த்துகிறீர்கள். நான்கு கால்களும் உள்ளே வெற்றிடம். கீழே ஏற்றியது ஓரளவு இறுகினால்தான் மேலே அடுத்த வரிசை ஏற்ற முடியும். அவசரப்பட்டால் மொத்தமும் உட்கார்ந்துவிடும். அதனால் நல்ல வெளிச்சம் இருக்கும்போதே "சரி, இன்னைக்குப் போதும்" என்று எழுந்து கை கழுவிவிடுவீர்கள். எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. ஆர்டர், கெடு, ராத்திரி வேலை என்று பழகியவள் நான். நாளடைவில் அந்த ஓய்ந்த சாயங்காலங்களில்தான், மறுநாள் என்ன செய்யலாம் என்று மனசு தானாக யோசிக்க ஆரம்பித்தது. நோட்டில் கோடு விழ ஆரம்பித்ததும் அப்போதுதான்.

கோயில் காட்டில் உடைந்து கிடந்த பழைய குதிரைகளைப் பார்த்துவிட்டு, "இதையெல்லாம் சரி பண்ண மாட்டீங்களா?" என்று கேட்டேன். "அது சாமிக்குக் குடுத்தது ஆத்தா. குடுத்தத என்னத்துக்குத் திரும்பிப் பாக்குறது?" என்றீர்கள். என் வேலையை யார் வாங்குவார்கள், எங்கே வைப்பார்கள், எத்தனை வருஷம் நிற்கும் என்று கணக்குப் போட்டே கை கட்டிப்போயிருந்தவளுக்கு அந்தப் பதில் வேலை செய்தது. இப்போது ஆள் உயரத்துக்கு, கம்பி இல்லாமல், பாதத்திலிருந்து எழும்பும் பெண் உருவங்கள் செய்துகொண்டிருக்கிறேன். வெயிலிலும் மழையிலும் வெளியேதான் நிற்கப்போகின்றன.

மண் மிதிக்கும்போது கல் குத்தினால் உடனே நிறுத்திப் பொறுக்கிப் போடச் சொல்லிக்கொடுத்த அக்காவுக்கும், சூளை வைத்த ராத்திரி வைக்கோலும் வறட்டியும் அடுக்க என்னையும் கூப்பிட்ட தெருப் பிள்ளைகளுக்கும் நன்றி. அக்கா, உங்கள் கருவாட்டுக் குழம்பைப் பற்றித் தனியாகவே ஒரு மடல் எழுத வேண்டும்.

டீக்கடை அண்ணே, மாசி மகத்துக்குக் கடையை மச்சானிடம் விட்டுவிட்டு என்னைக் குளமங்கலத்து அய்யனார் கோயிலுக்கு வண்டியில் கூட்டிப்போனீர்களே! 30 அடிக்கு மேல் நிற்கும் அந்தக் குதிரைச் சிலை, காகிதத்தில் செய்த பூமாலைகளுக்குள் மூக்கு மட்டும் தெரிய நின்றது. கூட்டத்தில் என் செருப்பு போனது போனதுதான்.

குதிரைகளைக் கோயிலுக்குத் தூக்கிப்போகும் புரவி எடுப்புக்குத் தேதி குறித்ததும் ஒரு போன் போடுங்கள். குதிரையைத் தோளில் தூக்க என்னை விடமாட்டீர்கள், தெரியும். கூட நடந்து வருகிறேன். அப்புறம் அண்ணே, என் டீ பாக்கி எவ்வளவு என்று அப்போதாவது வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள்.