தளை தட்டினால் சொல்ல ஆள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை வாசகர் கடிதப் பகுதிக்குக் கீழே ஒரு பெட்டி போட்டிருந்தீர்கள், இனி வாசகர்கள் தங்கள் கருத்துகளை நம் நாளிதழின் சமூக ஊடகப் பக்கங்களில் உடனுக்குடன் பதிவிடலாம் என்று. முன்பு அரைப் பக்கம் வந்துகொண்டிருந்த பகுதி இப்போது மூன்று கடிதமாகிவிட்டது, அதுவும் நாலு நாலு வரி. இது எங்கே போய் முடியும் என்று தெரிகிறது. அதனால்தான் தபாலில், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். வெட்டுவதாக இருந்தால் நடுவில் எங்கே வேண்டுமானாலும் வெட்டுங்கள், கடைசிப் பத்தியை மட்டும் விட்டுவிடுங்கள். அதில் எனக்கு ஒரு காரியம் இருக்கிறது.

நான் 2000ஆம் ஆண்டில் கும்பகோணத்தில் பிரவுசிங் சென்டர் வைத்தவன். ஐந்து கம்ப்யூட்டர், பிளைவுட் தடுப்பு, ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், டயல் செய்யும்போது கீச்சென்று கத்தும் ஒரு மோடம். மணிக்கு முப்பது ரூபாய். வருகிறவர்களில் பாதிப் பேர் ரிசல்ட் பார்க்க, மீதிப் பேர் துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற பிள்ளைகளுக்கு மெயில் அனுப்ப. இவர்கள் நடுவில் வாரத்துக்கு இரண்டு நாள் ஒரு பெரியவர் வருவார். ஓய்வு பெற்ற தமிழாசிரியர். நாங்கள் தமிழையா என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஒரு மடலாடற்குழுவில் இருந்தார், ஒருவர் அனுப்பும் மெயில் உறுப்பினர் எல்லாருக்கும் போய்ச் சேரும் குழுமம். அதன் பெயர் இங்கே வேண்டாம். மரபுக்கவிதை எழுதுகிறவர்கள், திருத்துகிறவர்கள், சும்மா வேடிக்கை பார்க்கிறவர்கள் எல்லாரும் சேர்ந்த இடம்.

இன்றைய பிள்ளைகளுக்கு இது எப்படி இருந்தது என்று சொன்னால் சிரிப்பார்கள். தமிழ் மெயிலைத் திறந்தால் முதலில் வருவது பூச்சி பூச்சியாக ஏதோ ஒன்று. பிரவுசரில் என்கோடிங் என்ற இடத்துக்குப் போய் யூசர் டிஃபைன்டு என்று மாற்றி, திஸ்கி என்ற தமிழ் எழுத்துக் குறியீட்டுக்கான ஃபான்ட் போட்டால்தான் எழுத்து தெரியும். சில மடல்கள் டாப் எழுத்துருவில் வரும், அதற்கு வேறு ஃபான்ட். திஸ்கியே 1990களின் கடைசியில், பல நாடுகளில் சிதறிக் கிடந்த தமிழர்கள் மின்னஞ்சலில் பேசிப் பேசி, சண்டை போட்டு, உருவாக்கியதுதான். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் போன்றவர்கள் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றத் தொடங்கிய மதுரைத் திட்டமும் அப்படித்தான் நடந்தது. ஒருவர் ஒரு ஊரில் தட்டச்சு செய்வார், இன்னொருவர் வேறு நாட்டில் பிழை பார்ப்பார். முதல் நூல் திருக்குறள். முகம் தெரியாத ஆட்கள் எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு செய்த வேலை இது. இன்று எந்த லைக்காவது இப்படி ஒரு நூலகத்தைக் கட்டியிருக்கிறதா என்று நான் கேட்டால் என் மருமகன், மாமா ஆரம்பிச்சுட்டார் என்பான்.

சரி, தமிழையாவுக்கு வருகிறேன். 2004 மாசியில் மகாமகம். அதற்குக் கொஞ்ச நாள் முன்பு குழுமத்தில் ஒருவர் ஈற்றடி கொடுத்தார்: "கும்பேசன் கோயில் குளம்". இதில் முடியும்படி ஆளுக்கொரு வெண்பா எழுத வேண்டும். எங்கள் ஊர் விஷயம், ஐயா விடுவாரா? வீட்டிலேயே எழுதிக்கொண்டு வந்தார், நான் உட்கார்ந்து தட்டச்சு செய்து அனுப்பினேன்.

மூன்று நாள் கழித்து டொரன்டோவிலிருந்து ஒரு மடல். "ஐயா, மூன்றாம் அடியில் தளை தட்டுகிறதே. மாசி மாதம் என்று வருகிறது, மா முன் நிரை அல்லவா வர வேண்டும்?" செய்யுள் அடியில் ஒவ்வொரு சொல் துண்டும் ஒரு சீர், ஒரு சீர் அடுத்த சீரோடு சேரும் முறைதான் தளை, அது பிசகினால் தளை தட்டுகிறது என்பார்கள். ஐயா அந்த மடலைப் படித்துவிட்டு கொஞ்ச நேரம் பேசவே இல்லை. நாற்பது வருஷம் பிள்ளைகளுக்கு யாப்பு சொல்லிக்கொடுத்த மனிதர். மாசி தேமா, மாதமும் தேமா, அதாவது இரண்டுமே நேர் நேர். ஒற்றை விட்டுவிட்டால் மா, தம் போல ஓரெழுத்தாக நிற்பது நேர், மகத் போல ஈரெழுத்தாக நிற்பது நிரை. பத்தாம் வகுப்புப் பையன் கண்டுபிடிக்கிற தப்பு. "கை அவசரம் தம்பி" என்றார். அந்த டொரன்டோக்காரரே "மாசி மகத்தில்" என்று மாற்றிக்கொள்ளலாமே என்று வழியும் சொல்லியிருந்தார். தளை சரியாகிவிடும். ஆனால் ஐயா ஒப்பவில்லை. மகம் என்றால் ஒரு நாள், நான் சொன்னது மாதம் முழுக்க ஊர் கிடந்த கோலத்தை, பொருளைக் கொன்று தளையைக் காப்பாற்றுவதா என்று இரண்டு பக்கம் எழுதினார். அதற்கு ஜொகூரிலிருந்து ஒருவர், "மாசியில்" என்று ஒரே சீராக்கிவிட்டால் கூவிளம், அதாவது நேர் நிரை, அடுத்து நேர் வந்தால் போதும், மாதம் முழுவதும் என்ற பொருளும் கெடாது என்றார். அது சரிதான், ஆனால் அப்போது ஒரு சீர் குறையும், அதற்கு வேறு சீர் தேட வேண்டும். நடுவில் வேறொருவர் புகுந்து, மகாமகக் குளம் கும்பேசுவரர் கோயிலை ஒட்டி இல்லையே, அது தனியாக அல்லவா இருக்கிறது, ஈற்றடியே தப்பு என்று கிளப்பிவிட, அது தனி இழையாக, அதாவது தனி விவாதமாகப் பிரிந்து பதினோரு மடல் ஓடியது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று. ஒவ்வொருவரும் எதற்குப் பதில் சொல்கிறாரோ அந்த வரியை மட்டும் மேலே வைத்து, முன்னால் அம்புக்குறி போட்டு, அதற்குக் கீழே தன் பதிலை எழுதுவார். மூன்று பேர் பேசியிருந்தால் அம்புக்குறி மூன்றாகும். யார் எதைச் சொன்னார், யார் எதற்கு மறுத்தார் என்று இருபது மடல் கழித்து வந்து படிக்கிறவனுக்கும் புரியும். அப்புறம் நேரம். மணிக்கு முப்பது ரூபாய் என்பதால் ஐயா எதையும் கடையில் உட்கார்ந்து படிக்க மாட்டார். பக்கம் இரண்டு ரூபாய்க்கு பிரிண்ட் எடுத்துக்கொண்டு போவார். வீட்டில் படித்து, கோபப்பட்டு, கோபம் ஆறி, காகிதத்தில் பதில் எழுதி, வெள்ளிக்கிழமை வருவார். செவ்வாய்க்கிழமை வந்த கோபம் வெள்ளிக்கிழமை வரைக்கும் அப்படியே இருக்காது. இன்று கோபம் வந்த அதே நிமிஷத்தில் விரல் நுனியில் பொத்தான் இருக்கிறது.

போன வருஷம் நான் அந்த வெண்பாவைப் பற்றி ஒரு சமூக ஊடகத்தில் எழுதினேன். எது என்று சொல்லவில்லை, எல்லாம் ஒரே குட்டைதான். வேண்டுமென்றே தளை தட்டிய வடிவத்திலேயே போட்டேன், யாராவது கண்டுபிடிக்கிறார்களா பார்ப்போம் என்று. நூற்றுச் சொச்சம் பேர் இதயம் போட்டார்கள். "அருமை", "அருமை ஐயா", "சிறப்பு", கைகூப்பின படம், ரோஜாப்பூ. ஒருவர் இனிய காலை வணக்கம் என்று ஒரு பிள்ளையார் படம் ஒட்டிவிட்டுப் போனார். தளை தட்டுகிறது என்று ஒரே ஒரு ஆள் சொல்லவில்லை. தெரியாமல் இருக்காது, அந்த நூறு பேரில் நாலு தமிழ் வாத்தியாராவது இருப்பார்கள். நின்று படிக்கிற இடமாக அது இல்லை, அவ்வளவுதான். மறுநாள் எனக்கே அந்தப் பதிவைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆனது.

பழைய கருத்துக்களங்களில் ஒரு இழைக்கு இரண்டு வருஷம் கழித்து ஒருவர் பதில் எழுதினால் அது மறுபடி மேலே வந்து நிற்கும். இப்போதைய தளங்கள் அப்படி இல்லை. எதை நாம் தொடுவோம், எதைப் பார்த்துக் கொதிப்போம் என்று கணக்குப் போட்டு அதை முன்னால் தள்ளுகின்றன. யாப்பிலக்கணத்துக்கு அந்தக் கணக்கில் என்ன இடம் இருக்கும்?

என் வீட்டுக்காரி இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒன்று சொன்னாள், அதையும் எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் நான் பாதியை மறைத்தவன் ஆவேன். "உங்க கடையில ஒரு பொம்பளை தனியா வந்து உட்கார முடிஞ்சுதா? உங்க குழுமத்துல எத்தனை பேர் எங்க ஆளுங்க?" உண்மைதான். பிளைவுட் தடுப்புக்குள் பெண்களை அனுப்ப வீட்டில் யோசித்த காலம் அது. குழுமத்தில் பெண் பெயரில் வந்த மடல்களை என் பத்து விரலில் எண்ணிவிடலாம். இன்று அவள் வாட்ஸப்பில் முப்பது பேருக்குப் புடவை விற்கிறாள். எழுதப் படிக்கத் தெரியாத என் மாமியார் அரியலூரிலிருந்து குரல் பதிவு அனுப்புகிறார், வாய் ஓயாமல். எழுத்து மட்டுமே என்றிருந்த உலகத்தில் அந்த அம்மாளுக்கு வாசலே கிடையாது. அப்புறம், பழைய குழுமங்களில் எல்லாரும் உத்தமர்கள் என்றும் சொல்ல மாட்டேன். சாதிச் சண்டை இருந்தது, வடமொழிச் சொல் சண்டை இருந்தது, குழுமத்தை நடத்துகிற மட்டுறுத்துநர் யாரையாவது வெளியே அனுப்பினால் அவர் போய்ப் புதுக் குழுமம் தொடங்கி இங்கே உள்ளவர்களைத் திட்டுவார். ஆனாலும் திட்டுவதற்கே ஒருவன் இருபது வரி எழுத வேண்டியிருந்தது. அந்த இருபது வரியில் இரண்டு வரியாவது உருப்படியாக இருந்துவிடும்.

எனக்கு இன்னொரு கவலை உண்டு, நீங்கள் பத்திரிகைக்காரர்கள், உங்களுக்குப் புரியும். யூஸ்நெட் என்று ஒன்று, கணினிகள் வழியே மடல் போட்டு விவாதிக்கிற குழுக்களின் வலை, 1979ல் அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் யோசித்துத் தொடங்கியது. சாக் கல்ச்சர் தமிழ் என்று தமிழர்களுக்கும் அதில் ஒரு குழு இருந்தது. அதற்கு ஒரே முதலாளி கிடையாது. ஒரு சர்வரில் போட்ட மடல் மற்ற சர்வர்களுக்கும் நகலாகப் போகும். கூகுள் தன் குழுமங்கள் வழியே யூஸ்நெட்டோடு வைத்திருந்த தொடர்பை 2024 பிப்ரவரியில் நிறுத்திக்கொண்ட பிறகும் அது செத்துப்போகவில்லை. மடலாடற்குழுவிலும் ஒவ்வொரு உறுப்பினரின் மெயில் பெட்டியிலும் ஒரு நகல் கிடக்கும். ஆனால் நகல் வைத்துக்கொள்ளாமல் எல்லாம் அங்கேயே இருக்கும் என்று நம்பினவர்கள் ஏமாந்தார்கள். யாஹூ குழுமங்களில் சேர்ந்திருந்த மடல்களை 2019 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள், 2020 டிசம்பரில் சேவையையே மூடினார்கள். தமிழில் எத்தனை வெண்பா, எத்தனை சண்டை, எத்தனை சமையல் குறிப்பு அதில் போயிற்றோ. இன்று நம் பேச்சு முழுவதையும் இரண்டு மூன்று கம்பெனிகளின் கிடங்கில் கொண்டுபோய்ப் போடுகிறோம், சாவி நம்மிடம் இல்லை.

எல்லாம் போய்விட்டது என்று ஒப்பாரி வைக்கவும் இல்லை. மின்தமிழ், சந்தவசந்தம் போன்ற குழுமங்களின் இழைகளை இன்றும் கூகுள் குழுமங்களில் திறந்து படிக்கலாம். தமிழ் விக்கிப்பீடியாவில் ஆலமரத்தடி என்று பொது விவாதத்துக்கு ஒரு பக்கம் உண்டு, பெயரே எவ்வளவு நன்றாக இருக்கிறது பாருங்கள். படம் இல்லை, இதயம் இல்லை. யார் எந்தத் தேதியில் எதைச் சொன்னார், எதை மாற்றினார் என்று எல்லாம் வரலாற்றில் இருக்கும். தூக்கம் வராத இரவுகளில் நான் அங்கே போய்ப் பழைய விவாதங்களைப் படிப்பதுண்டு. ஒரு சொல்லுக்கு இரண்டு பக்கம் வாதாடுவார்கள். எனக்கு அது சினிமா பார்ப்பது மாதிரி.

உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வாசகர் கடிதப் பகுதிக்கு அரைப் பக்கத்தைத் திருப்பிக் கொடுங்கள். முந்தைய கடிதத்துக்குப் பதிலாக ஒரு கடிதம் வந்தால், எந்தத் தேதியில் வந்த எந்தக் கடிதத்துக்கு என்று மேலே ஒரு வரி போடுங்கள். அந்த அம்புக்குறி மாதிரி. முப்பது வருஷம் கழித்து நூலகத்தில் கட்டைப் பிரித்துப் பார்க்கிறவன் தொடர்ந்து படிக்க முடியும்.

இனி என் காரியம். நான் கடையை மூடி வெகு காலமாயிற்று, தமிழையாவும் காலமாகிவிட்டார். அவருடைய பிரிண்ட்களை அவர் மகன் ஒரு கோப்பாகக் கட்டி என்னிடம் கொடுத்திருக்கிறார், ஓரத்தில் துளை போட்ட அந்தக் கம்ப்யூட்டர் காகிதம், மை மங்கியிருக்கிறது, படிக்க முடிகிறது. கும்பேசன் கோயில் குளம் இழையில் கடைசியாக இருப்பது ஐயாவின் மடல்தான்: ஜொகூர் அன்பர் சொன்னபடி "மாசியில்" என்றே வைத்துக்கொள்கிறேன், குறைகிற சீரை நாளை எழுதுகிறேன் என்கிறார். அதற்குப் பிறகு அவருக்குக் கண் ஆபரேஷன், நானும் அந்த வாரம் பிரிண்டர் ரிப்பனுக்காக அலைந்துகொண்டிருந்தேன், அடுத்த பக்கம் எடுக்கப்படவே இல்லை. அந்த இழையில் இருந்த யாராவது இந்த நாளிதழைப் படிக்கக்கூடும். 2004 பிப்ரவரி, மார்ச் மாத மடல்கள் பழைய மெயில் பெட்டியிலோ பரணில் கிடக்கிற சிடியிலோ இருந்தால், மூன்றாம் அடி எப்படி முடிந்தது என்று இதே பகுதிக்கு ஒரு கார்டு போடுங்கள்.

இப்படிக்கு,
பழைய பிரவுசிங் சென்டர்காரன்,
கும்பகோணம்.