அந்தச் செவ்வாய்க்கிழமை, கொலோனில்

அன்புள்ள சேதுவுக்கு,

நாங்கள் நலம். போன் வந்தால் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறாள். அதனால் கடிதம்.

கொலோன் போய் வந்ததைப் பற்றி உன்னிடம் சரியாகச் சொல்லவே இல்லை. உனக்கு மீட்டிங், நீ வரவில்லை. உன் வீட்டுக்காரப் பெரியவரும் அவர் மனைவியும் எங்களைக் கைப்பிடித்துக் கூட்டிப் போகாத குறைதான். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே கதீட்ரல், 157 மீட்டர். உள்ளே, குழந்தை யேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களின் தங்கப் பேழைக்கு முன்னால் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். 2007இல் வைத்த வண்ணக் கண்ணாடி ஜன்னலின் வெளிச்சம் அவள் புடவையில் விழுந்ததை வீட்டுக்காரம்மா படம் எடுத்தார். கேட்டு வாங்கி அனுப்பு. கோபுரத்துக்கு 533 படி. என் முழங்கால்தான் உனக்குத் தெரியுமே.

1248இல் ஆரம்பித்த கட்டடமாம். பதினாறாம் நூற்றாண்டில் பணம் வறண்டு வேலை நின்றுவிட்டது. பாதிக் கோபுரத்தின் தலையில் ஒரு மரக் கிரேன், முந்நூறு வருஷத்துக்கு மேல் அப்படியே நின்றிருக்கிறது. தொலைந்த வரைபடத்தில் பாதி டார்ம்ஸ்டாட்டிலும் மீதி பாரிஸிலும் கிடைக்க, 1842இல் மறுபடி தொடங்கி 1880இல் முடித்தார்கள். நான் பெரியவரிடம் நம் ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தைச் சொன்னேன். 1987 வரைக்கும் அதற்கு மொட்டைக் கோபுரம் என்றுதானே பேர்? இப்போது 236 அடி என்றதும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கட்டட விஷயம் வந்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது.

மத்தியானம் ஒரு பீர்க் கடை. நான் ஆப்பிள் ஜூஸ்தான், அம்மாவைக் கேட்டுக்கொள். பெரியவருக்கு 200 மில்லி கிளாஸ். காலியானால் கேட்காமலே அடுத்தது வருகிறது, அட்டையில் ஒரு கோடு விழுகிறது. போதுமென்றால் அட்டையை கிளாஸ் மேல் வைத்துவிட வேண்டும். அம்மாவும் வீட்டுக்காரம்மாவும் ஓடிகோலன் கடைக்குப் போயிருந்தார்கள். உனக்குக் காய்ச்சல் வந்தால் பாட்டி நெற்றியில் நனைத்துப் போடுவாளே, அது அந்த ஊர்ச் சரக்கு.

அப்போது பெரியவர் உன்னைப் பற்றிப் பேசினார். உன் ஜெர்மன் சுத்தமாக இருக்கிறதாம். எனக்கு எவ்வளவு பெருமை! மார்ச்சிலிருந்து பகலில் தோட்டத்தில் புல் வெட்டித் தருகிறாயாம், பகலில் வீட்டில் ஒரு ஆள் இருப்பது அவர்களுக்குத் தெம்பாம். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

அம்மாவிடம் சொல்லவில்லை. தோட்ட வேலை உடம்புக்கு நல்லதுதான்.

நாங்கள் அங்கே இருந்தபோது தினமும் எட்டு மணிக்குப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாய். குடையை மறந்துவிட்டுப் போன அன்று நல்ல மழை. எங்கே ஒதுங்கினாயோ. அந்தக் குளிரில் நனையலாமா? எத்தனை தடவை சொன்னாலும் கேட்பதில்லை.

வேளைக்குச் சாப்பிடு. பெரியப்பா மாதிரி எல்லாவற்றையும் உள்ளுக்குள்ளேயே வைத்துக்கொள்ளாதே. அந்த வீட்டில் நடந்தது உனக்கும் தெரியும்.

அப்புறம், மாடி வேலையை நிறுத்திவிட்டேன். மேஸ்திரி ஊருக்குப் போயிருக்கிறார், மணலும் விலை ஏறிக் கிடக்கிறது. கம்பிகளுக்கு சிமென்ட் பால் பூசியாயிற்று, துருப்பிடிக்காது. அதனால் மாதாமாதம் அனுப்புகிற பணத்தை இப்போதைக்கு அனுப்ப வேண்டாம். என் பென்ஷனே மிச்சமாகிறது. அனுப்பினால் திருப்பி அனுப்புவேன், பேங்க் கமிஷன்தான் தண்டம். அம்மா கேட்டால் மேஸ்திரியைச் சொல்லிக்கொள்கிறேன்.

பெரியவருக்குக் காபிப் பொடி பார்சல் வருகிறது. டிகாஷன் போடத் தெரியாது அவருக்கு, நீ போட்டுக் காட்டு. நீயும் வேளைக்குச் சாப்பிடு.

சாயங்காலம் ஆறு மணிக்கு அம்மா கோயிலுக்குப் போனால் திரும்பி வர எட்டு ஆகிறது. நமக்கு ஆறு என்றால் அங்கே மத்தியானம் இரண்டரை. எந்தக் கிழமையானாலும் சரி, அந்த நேரத்தில் கூப்பிடு.

அன்புடன்,
அப்பா