ஏழாவது படத்தை மட்டும்

அன்புள்ள தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை கடலூரிலிருந்து பஸ் ஏறிப் புதுச்சேரிக்கு வந்து உன் படங்களைப் பார்த்தேன். தாதியின் கையில் அழும் குழந்தை, நத்தைபோல் பள்ளிக்கு நகரும் சிறுவன், காதலன், படைவீரன், நீதிபதி, தளர்ந்த கிழவர், கடைசியில் பல்லும் பார்வையும் போன முதியவர். ‘ஆஸ் யூ லைக் இட்’ நாடகத்தில் வரும் ஒரு பேச்சில் ஷேக்ஸ்பியர் மனிதனின் ஏழு பருவங்களைச் சொன்ன வரிசையிலேயே வரைந்திருக்கிறாய். அந்தச் சிறுவனைக் கடற்கரைச் சாலையில், காந்தி சிலை ஓரமாக நடக்கவிட்டிருக்கிறாயே, அங்கிருந்து நகரவே மனம் வரவில்லை.

ஏழாவது படத்தின் முன்னால்தான் வருத்தம் வந்தது. முதியவரின் முகத்தில் அந்தச் சிறுவனைத் தேடினேன்; கிடைக்கவில்லை. ஏழு படங்களில் ஏழு வேறு மனிதர்கள்.

குறை உன் கையில் இல்லை. நாடகத்தில் அந்தப் பேச்சைப் பேசும் ஜேக்வஸ், உலகத்தை ஒதுங்கி நின்று பார்ப்பவன். மனிதனின் பருவங்களை எண்ணுகிறானே தவிர, தன் பருவங்களை எண்ணுவதில்லை. ராபர்ட் ஸ்மர்க் அதை ஏழு தனி ஓவியங்களாகத் தீட்டினார். வில்லியம் முல்ரெடியோ 1838இல் ஏழு பருவத்தாரையும் ஒரே ஓவியத்துக்குள் கொண்டுவந்துவிட்டார். எனக்கு முல்ரெடிதான் பிடிக்கிறது.

இனி நம் அப்பரிடம் வா. கல்லோடு பிணைத்துக் கடலில் தள்ளப்பட்டவர் எங்கள் திருப்பாதிரிப்புலியூரில் கரையேறினார் என்கிறது பெரியபுராணம். திருக்கொண்டீச்சரப் பதிகத்தில் அவர் பாலனாய், பெண்கள்மேல் மனம் வைத்த மேலனாய், கோல் ஊன்றிய கோலனாய்க் கழிந்த நாள்களை எண்ணுகிறார். எண்ணிவிட்டு, ‘கெட்டேன்’ என்கிறார். பருவம் மூன்று, அழுகிற நெஞ்சு ஒன்று. அந்தத் தன்மை வினைமுற்றுதான் உன் படத்தில் இல்லை, தம்பி.

சிவன் கோயிலில் நால்வர் வரிசையைப் பார்த்திருப்பாய். சம்பந்தர் குழந்தை, சுந்தரர் இளைஞர், அப்பர் உழவாரம் தாங்கிய முதியவர். நம் ஸ்தபதிகள் பருவங்களை அருகருகே நிறுத்திவிட்டார்கள். அந்தக் குழந்தைதான் இந்த முதியவரை ‘அப்பரே’ என்று அழைத்தது என்பது நமக்குத் தெரியும். அதனால் அவர்கள் தனித்தனிச் சிலைகளாக நின்றாலும் நம் கண்ணுக்கு உறவாகத் தெரிகிறார்கள்.

ஏழாவது படத்தை மட்டும் இன்னொரு முறை வரைவாயா? அடுத்த ஞாயிறு ஓவிய நோட்டோடு புறப்பட்டு வா. பாடலீசுவரர் கோயில் வாசலில் காலையிலேயே காத்திருப்பேன்.

அன்புடன்,
அக்கா