வேகம் மட்டும் போதாது, ஊசியும் பொருந்த வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய இசைத்தட்டுகளுக்கு மறுபடி மவுசு வந்திருப்பது சந்தோஷம்தான், ஆனால் டர்ன்டேபிள் (தட்டைச் சுழற்றிப் பாட வைக்கும் கருவி) விற்கிறவர்கள் சிலர் "33, 45, 78 மூன்று வேகமும் இருக்கு, எந்தத் தட்டையும் போடலாம்" என்று சொல்லியே தலையில் கட்டிவிடுகிறார்கள் (தட்டு நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றும் என்பதுதான் இந்த எண்கள்). வேகம் சரி, ஊசி? தாத்தா காலத்து 78 தட்டு அரக்குக் கலவையில் செய்தது, அதன் வரி, அதாவது ஊசி ஓடும் பள்ளம், அகலமானது. ஊசி நுனியின் ஆரம் சுமார் 75 மைக்ரான் இருக்க வேண்டும். எல்பி, அதாவது 33 வேகத்தில் ஓடும் வினைல் தட்டு, அதற்கான ஊசிக்கு அது 18 மைக்ரான்தான். ஆகவே எல்பி ஊசியை 78 தட்டில் வைத்தால் வரியின் அடியில் இறங்கி அழுக்கைச் சுரண்டும், பாட்டைவிட இரைச்சல்தான் அதிகம் வரும்.

நேர்மாறான கூத்தும் நடக்கிறது. 1948-இல் வந்த வினைல் எல்பியைக் கொண்டுபோய், சாவி கொடுக்கும் கிராமபோனில் வைக்கிறார்கள் (வீடியோவுக்கு அழகாக இருக்கிறதாம்!). இன்றைய கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருத்திய சின்னத் தலை) இரண்டு கிராம் போல அழுத்துகிற இடத்தில் நூறு கிராமுக்கு மேல் கனமுள்ள தலையும் இரும்பு ஊசியும் உட்கார்ந்தால் தட்டு என்னத்துக்கு ஆகும்? ஒரே தடவையில் வரி நாசம்.

வாங்குகிறவர்கள் 78-க்குத் தனி ஊசி மாற்ற முடியுமா என்று கேட்டுவிட்டு அப்புறம் பணத்தை எடுங்கள். விற்கிறவர்களும் இதைப் பெட்டியின் மேலேயே தமிழில் அச்சிடலாமே.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சென்னை